வீடு பார்த்து வந்தவர்

தம்பி, அந்தப் பைய மேல வைக்காதீங்க, மடியில வச்சுக்கிடுங்க. கைப்பிடியில ஒரு பக்கம் தையல் விட்டுருக்கு. நாலு நூல்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கு. நீங்க ஏறும்போதே பாத்துட்டேன். தப்பா நினைக்காதீங்க, என் கண்ணு அப்படி.

சிவகாசியில முப்பத்தி நாலு வருசம் அச்சாபீஸ்ல செக்கிங் பாத்தவன் நான். காலண்டரு, தீப்பெட்டி லேபிளு, பட்டாசு டப்பா அட்டை, எல்லாம் என் கையத் தாண்டித்தான் வெளிய போகும். சாமி படத்துல செவப்புக் கலர் மயிரிழை நகந்துருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும். மத்தவனுக்கு அது சாமி படம். எனக்கு மட்டும் சாமிக்கு ரெண்டு உதடு தெரியும். மிஷின நிப்பாட்டுங்கடான்னு சத்தம் போடுவேன். பேரு குணசீலன். செக்கிங் குணசீலன்னு கேட்டா நம்மூர் அச்சாபீஸ்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும்.

நீங்க திருநெல்வேலியா? நான் கோவில்பட்டியில இறங்கிருவேன். பன்னெண்டு மணிக்கு அங்க ஒரு பேச்சு இருக்கு. என் தம்பி மக விசயம். ரெண்டு பக்கத்துப் பெரியாளுகளும் வாராக. நான் ஒரு வார்த்தை சொல்லணும். நான் சொல்லுறத வச்சுத்தான் அந்தப் புள்ள புருசன் வீட்டுக்குத் திரும்பப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாக. என்ன சொல்லுறதுன்னுதான் நாலு நாளா முழிச்சுக்கிட்டு இருக்கேன். தெரிஞ்சவுக கிட்டச் சொல்லிப் பாக்க முடியாது. நீங்க முன்னப்பின்ன தெரியாத ஆளு. அதான் உங்ககிட்டச் சொல்லலாம்னு தோணுது. தூக்கம் வந்தா தூங்குங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

எங்க சனத்துல ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டு ஆளுக வந்து பொண்ணு பாத்துட்டுப் போன பெறகு, பொண்ணு வீட்டுல இருந்து நாலு பேரு மாப்பிள்ளை வீடு பாக்கப் போவோம். உங்க பக்கமும் இருக்கும்ல? போறவுக என்ன பாப்பாக? மாடி இருக்கா, கார் நிக்குதா, தரையில டைல்ஸா மார்பிளா, அம்புட்டுத்தான். காப்பியக் குடிச்சுட்டு வந்துருவாக. நான் அப்படிப் பாக்குறதில்ல. கை கழுவப் போற சாக்குல பின்னாடி போவேன். பாத்ரூம் கதவுல கொண்டி ஒழுங்கா இருக்கா, தேதிக் காலண்டர்ல அன்னைக்குத் தேதி கிழிச்சிருக்கா, குடிதண்ணிப் பானையில மூடி இருக்கா, இதத்தான் பாப்பேன். ஒரு தடவை விருதுநகர்ல ஒரு வீடு. ஏழு பேரு ஒண்ணா இருக்கோம்னாக. பின்னாடி போய்ப் பாத்தா பல்லு வெளக்குற பிரஷ்ஷு நாலுதான் இருக்கு. திரும்பி வந்து வேண்டாம்னேன். பெறகு விசாரிச்சா, மூத்தவன் சண்டை போட்டுப் பொண்டாட்டி புள்ளையோட வெளிய போய் ரெண்டு வருசமாச்சாம். அன்னைக்கு விருந்தாளிக்குக் காட்டக் கூட்டிட்டு வந்துருக்காக.

அதுல இருந்து எங்க சொந்தத்துல யாரு மாப்பிள்ளை வீடு பாக்கப் போனாலும் என்னையக் கூட்டிட்டுத்தான் போவாக. பதினாறு வீடு பாத்திருக்கேன். நான் சரின்னா சரி. வேண்டாம்னா ஏன்னு கேக்க மாட்டாக.

என் தம்பி கனகவேலுக்கு ஒரே மக. வினோதினி. அந்தப் புள்ளைக்கு வந்த வரன்தான் கோவில்பட்டி. மாப்பிள்ளை பேரு அருண்பிரசாத். கட்டடத்துக்குப் பிளான் போட்டுக் கொடுக்குற வேலை. வீட்டுல அம்மா, புள்ள ரெண்டே பேரு. அப்பா தவறிட்டாரு.

தம்பி, அப்படி ஒரு வீட்ட நான் பாத்ததே இல்ல. வாசல்ல செருப்பு நூல் பிடிச்ச மாதிரி வரிசையா நிக்குது. டம்ளரு பெருசுல இருந்து சிறுசுவரைக்கும் படி இறங்குது. சுவர்க் கடிகாரத்தையும் என் வாட்சையும் ஒத்துப் பாத்தேன், ஒரு நிமிசம் வித்தியாசம் இல்ல. பின்னாடி கொடியில காயுற துணிக்கு எல்லாம் நீலக் கிளிப்பு. நீலம் மட்டும். அந்தம்மா அடுப்படி வாசல்லயே நிக்காக. நான் காப்பி டம்ளர எடுக்குறேன், மேசையில வட்டமா ஈரம் இருக்குல்ல, நான் ஒரு மடக்குக் குடிச்சுத் திரும்ப வைக்கிறதுக்குள்ள அதத் தொடச்சிட்டாக. மாப்பிள்ளை வாயத் தொறக்கல. வடைத் தட்ட ஒரு பார்வை பாத்தாரு. அந்தம்மா ஓடி வந்து தட்ட ரெண்டு விரக்கட நகத்தி வச்சுட்டுப் போனாக. பேச்சு இல்ல, அதட்டல் இல்ல. ஒரு குடும்பம் கண்பார்வையில நடக்குதுன்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

திரும்பி வரும்போது பஸ்ஸுல கனகவேலு கேட்டான், "என்னண்ணே?"ன்னு. "கண்ண மூடிக்கிட்டுக் கொடு"ன்னேன். அதே வார்த்தை. இப்ப அதத்தான் ஆளாளுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லுதாக.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். அன்னபுஷ்பம்னு பேரு. அவகிட்ட எல்லாத்தையும் ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். செருப்பு, டம்ளரு, நீலக் கிளிப்பு, தட்ட நகத்துனது, எல்லாம். அவ முருங்கைக்கீரை உருவிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அந்தம்மா ஒரு தடவையாவது உக்காந்தாகளா?"

எங்க உக்காந்தாக, நாங்க இருந்த ஒண்ணே முக்கால் மணி நேரமும் நின்னுக்கிட்டேதான் இருந்தாக, அம்புட்டுச் சுறுசுறுப்புன்னேன். அவ கீரையத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. அவ எப்பவும் அப்படித்தான். ஒண்ணக் கேப்பா, பதிலச் சொன்னாப் போயிருவா.

வினோதினி எப்படிப்பட்ட புள்ளைன்னு சொல்லணும். செருப்பக் கழட்டுனா ஒண்ணு கிழக்க பாக்கும், ஒண்ணு மேக்க பாக்கும். வாயில சோத்த வச்சுக்கிட்டே சிரிக்கும். எங்க வீட்டுக்கு வந்தா பெரியம்மாவும் அதுவும் அடுப்படியில தரையில கால நீட்டி உக்காந்துக்கிட்டு அப்படிச் சிரிப்பாக. நான் தெருமுனையில வரும்போதே கேக்கும். என் டிவிஎஸ் சத்தம் கேட்டதும் சட்டுன்னு நின்னுரும். நான் வண்டிய ஸ்டாண்டு போட்டு உள்ள வாறதுக்குள்ள ரெண்டு பேரும் எந்திரிச்சு நிப்பாக, அடுப்படி தொடச்சிருக்கும். மரியாதை தெரிஞ்ச வீடு எங்க வீடு. பெருமைக்குச் சொல்லல.

கல்யாணம் நல்லாத்தான் நடந்துச்சு. தலை தீபாவளிக்கு வந்தாக. தம்பி வீட்டுல பெரிய கூட்டம். வினோதினி உள்ள வரும்போதே பாத்தேன். தன் செருப்பக் கழட்டி நேரா வச்சா. மாப்பிள்ளை செருப்ப அதுக்குப் பக்கத்துல வச்சா. பெறகு அங்க கிடந்த பத்துப் பதினஞ்சு சோடியையும் குனிஞ்சு வரிசையா அடுக்குனா. யாரும் சொல்லல, தானா. எனக்குக் காப்பி கொண்டாந்து வச்சா. நான் டம்ளர எடுத்தேன், அந்த ஈரத்தத் தொடச்சா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. எல்லாரு முன்னாடியும் சத்தமாச் சொன்னேன், "பாத்தீகளா, நாங்க இருபத்திரெண்டு வருசம் சொல்லித் திருத்த முடியாதத அவுக எட்டு மாசத்துல திருத்திட்டாக"ன்னு. எல்லாரும் சிரிச்சாக. மாப்பிள்ளையும் சிரிச்சாரு. வினோதினி என்னைய ஒரு பார்வை பாத்தா. அது என்ன பார்வைன்னு எனக்கு அன்னைக்குப் பிடிபடல.

இன்னொண்ணு சொல்லணும். இத யார்கிட்டயும் சொன்னதில்ல. அவ வலது கையில ரெண்டு விரல்ல பிளாஸ்திரி ஒட்டிருந்தா. என்னம்மான்னேன். காய் வெட்டும்போது கத்தி பட்டுருச்சு பெரியப்பான்னா. தம்பி, வலது கையிலதான் கத்தியப் பிடிப்போம். அது எப்படி வலது கையில படும்? அதுலயும் விரல் மடங்குற மொழியில, மேல் பக்கம். எனக்கு அது தட்டுச்சு. தட்டாம இருக்குமா? லேபிள்ல ஒரு புள்ளி கூட இருந்தாப் பிடிக்கிறவன் நான். ஆனா கேக்கல. கேட்டு என்னமாவது வந்துட்டா, வீடு பாத்தது நாந்தானே. சரி சரின்னு காப்பியக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

அன்னைக்கே கேட்டுருக்கணும் தம்பி. அது மட்டும் என் தப்பு. ஒத்துக்கிடுறேன்.

மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் மத்தியானம் ஒத்தையா பஸ் ஏறி வந்துட்டா. தம்பி வீட்டுக்குப் போகல, நேரா எங்க வீட்டுக்கு, பெரியம்மாகிட்ட. நான் உள் ரூம்ல படுத்துருந்தேன். அவ பேசுனது காதுல விழுந்துச்சு. பிளான் போடுற இரும்பு ஸ்கேல் இருக்குல்ல, அதாலதான் அடிப்பானாம். டம்ளர் வரிசை மாறுனா ஒண்ணு. துணிக்கு வேற கலர் கிளிப்பு போட்டா ஒண்ணு. கைய மேசையில வைக்கச் சொல்லிட்டு மொழி மேல அடிப்பானாம். அடிக்கிறத விட அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள் பேசாம இருப்பானாம், அதுதான் தாங்க முடியலன்னு அழுதா. எது தப்புன்னு சொல்ல மாட்டானாம். இவளே வீடு பூரா தேடிக் கண்டுபிடிக்கணுமாம். காய்ச்சல்ல கிடந்தப்ப ஒரு நாள் இவளால முடியலன்னு மாமியாக்காரி ராத்திரிச் சாமானக் கழுவி அடுக்கி வச்சிருக்காக. அடுக்குனதுல ஏதோ பிசகு. அந்தம்மாவும் கையக் கொண்டுபோய் மேசையில வச்சாகளாம். அறுபத்திமூணு வயசு அந்தம்மாவுக்கு. "எனக்குப் பழக்கந்தான், இவன் அப்பா காலத்துல இருந்து"ன்னு இவள சமாதானம் வேற பண்ணியிருக்காக. அன்னைக்குத்தான் வினோதினி கிளம்பணும்னு முடிவு பண்ணிருக்கா.

நான் படுத்தபடியே கேட்டுக்கிட்டு இருந்தேன். எந்திரிச்சுப் போகல. போனா அவ பேச்ச நிப்பாட்டிருவாளோன்னு இருந்துச்சு.

நான் அடிக்கிறவன் இல்ல தம்பி. அத மொதல்லயே சொல்லிடுறேன். முப்பத்தோரு வருசத்துல என் பொண்டாட்டி மேல ஒரு தடவை கை பட்டதில்ல. எடுத்த பொருள எடுத்த இடத்துல வைக்கணும், அம்புட்டுத்தான் நான் எதிர்பாக்குறது. அதுக்கு ஒரு தடவை சொல்லுவேன், ரெண்டு தடவை சொல்லுவேன், பெறகு சொல்ல மாட்டேன். பேச மாட்டேன். ஒரு தடவை பீரோச் சாவிய வேற ஆணியில மாட்டிட்டா. ஒம்பது நாள் பேசல. பத்தாம் நாள் அவளே கண்டுபிடிச்சு மாத்தி மாட்டுனா, பேசிட்டேன். அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லையா? நீங்க சொல்லுங்க.

என்ன தம்பி, சன்னல் பக்கம் திரும்பிட்டீங்க? வெயில் அடிக்குதா? அந்தத் திரைய இழுத்து விடுங்க. கொக்கி மேல மாட்டிருக்கு பாருங்க, இடது கைப் பக்கம்.

சரி. தம்பி கனகவேலு என்கிட்டப் பேசுறத நிப்பாட்டிட்டான். திட்டிருந்தாக்கூடத் தேவலை. மகளக் கூட்டிட்டுப் போய் வீட்டுல வச்சுக்கிட்டான். மாப்பிள்ளை பக்கம் அவரு தாய்மாமன் ஒருத்தரு இருக்காரு. நல்லாப் பேசுவாரு. தம்பிகிட்ட அவரு கேட்ட கேள்வி இதுதான்: "எங்க வீட்டக் குறை சொல்லுதீகளே, உங்க அண்ணன்தானே வந்து பாத்து அங்குலம் அங்குலமா அளந்துட்டுப் போனாரு? அவரையே கூப்பிடுங்க. பதினாறு வீடு பாத்த கண்ணு. அன்னைக்குப் பாத்தது பொய்யின்னு அவரு வாயால சொல்லட்டும், நாங்க கேட்டுக்கிடுதோம்."

பெறகு எனக்கும் தனியாப் போன் பண்ணுனாரு. "அண்ணாச்சி, சின்னஞ்சிறுசுக, சுத்தபத்தமா இருன்னு சொல்லுறது ஒரு குத்தமா? வீடு நல்ல வீடுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க தம்பி உங்க பேச்சத் தட்ட மாட்டாரு"ன்னாரு. அது வாஸ்தவம். அவன் பேசாம இருந்தாலும் நான் சொன்னாக் கேப்பான். சின்ன வயசுல இருந்து அவனுக்குப் பழக்கம். அவனுக்கும் உள்ளுக்குள்ள, மக வாழாம வந்துட்டான்னு ஊரு பேசுமேன்னு இருக்கு. நான் அனுப்புன்னு சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்கானோன்னுகூட எனக்குச் சந்தேகம்.

போன ஞாயித்துக்கிழமை அந்தப் புள்ளையப் பாக்கப் போனேன். கூடத்துல உக்காந்திருந்தா. வாசல்ல செருப்பு கிழக்கயும் மேக்கயும் கிடந்துச்சு. அதப் பாத்ததும் எனக்கு ஏனோ அழுகை வந்துருச்சு. "பெரியப்பா தப்பாப் பாத்துட்டேன் தாயி"ன்னேன். அவ சொன்னா, "இல்ல பெரியப்பா. நீங்க எல்லாம் சரியாத்தான் பாத்தீங்க. நான் அங்க போன மொத நாளே ஒண்ணொண்ணாப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு"ன்னு. கோவமாச் சொல்லிருந்தா நான் தாங்கிருப்பேன்.

என் வீட்டுக்காரி இப்ப அங்கதான் இருக்கா. நான் போன அன்னைக்கு அடுப்படிய விட்டு வெளிய வரல. புள்ளைக்குத் துணையா மூணு நாள் இருந்துட்டு வாறேன்னு போனா. இருவத்தி ரெண்டு நாளாச்சு. போகும்போது வீட்ட அப்படித் தொடச்சு, எல்லாத்தையும் அது அது இடத்துல வச்சுட்டுப் போயிருக்கா, ஒரு குறை சொல்ல முடியாது. நான் மெஸ்ஸுல சாப்பிட்டுக்கிடுறேன். பீரோவத் தொறந்தப்பப் பாத்தேன், அவ பழைய மூக்குக்கண்ணாடி இல்ல. அவுக அம்மா படம் இல்ல. மார்கழிப் பனிக்குப் போத்துற கம்பளி இருந்துச்சு, அதையும் காணோம். இப்ப சித்திரை மாசம். மூணு நாளைக்குப் போறவளுக்குச் சித்திரையில கம்பளி எதுக்குங்கேன். தம்பி வீட்டு உள் ரூம்ல ஏசி கீசி மாட்டிருக்காகளோ என்னவோ.

இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுல நின்னு அவளுக்குப் போன் போட்டேன். "அங்க போய் என்ன சொல்லட்டும்?"னு கேட்டேன். அவகிட்ட நான் யோசனை கேட்டது இதுதான் மொதத் தடவை. அவளுக்கே திகைப்பா இருந்துருக்கும். பெறகு கேட்டா, "அந்த வீடு உங்களுக்கு ஏன் பிடிச்சுப் போச்சு?"

யோசிக்காமச் சொல்லிட்டேன். "நம்ம வீடு மாதிரியே இருந்துச்சு."

"அத அப்படியே சொல்லுங்க"ன்னா. "வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். எல்லாரு முன்னாடியும் அத மட்டும் சொல்லுங்க. நானும் அங்க வாறேன்." வச்சுட்டா. இத்தனை வருசத்துல என் போன அவ மொதல்ல வச்சதில்ல.

பஸ் ஏறுனதுல இருந்து அதையேதான் புரட்டிக்கிட்டு இருக்கேன் தம்பி. அத நான் சொன்னா என்ன ஆகும்? தாய்மாமன் விடுவாரா? "அப்படின்னா நல்ல வீடுதானே அண்ணாச்சி, உங்க வீட்டுல என்ன குறை?"ன்னு கேப்பாரு. அங்க இருக்குற அத்தனை பேரும் அன்னபுஷ்பத்தத் திரும்பிப் பாப்பாக. அப்ப அவ என்ன சொல்லுவா?

எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல. யாரு வீட்டுல எத்தனை பிரஷ்ஷுன்னு சொல்லுவேன். அவ என்ன சொல்லுவான்னு சொல்ல முடியல. அவ முகத்த நினைச்சுப் பாக்குறேன், தொடச்ச மேசையும் ஆணியில தொங்குற சாவியும்தான் வருது.

இந்தா, கோவில்பட்டி வந்துருச்சு. கண்டக்டர், ஒரு ஆளு இறங்கணும். கால நகத்துங்க தம்பி. அவ வாயத் தொறந்துருவாளோன்னு பயமாத்தான் இருக்கு. ஆனா அவ வழக்கம்போலப் பேசாமலே இருந்துட்டான்னா, சாயங்காலத்துக்குள்ள புள்ளைய அந்த வீட்டுக்கே அனுப்பி வச்சிருவாக.